ஞாயிறு வகுப்பா, அடுப்படிப் பேச்சா? பிள்ளைகளுக்குச் சாதியும் சமத்துவமும் சொல்லிக்கொடுக்க எது உதவும்

மகளுக்கு 11 வயது, மகனுக்கு 8. சாதி, ஆண் பெண் வேறுபாடு, நாங்கள் யார், அயலவர் யார் என்பதையெல்லாம் சொல்லிக்கொடுக்க, திருகோணமலை உப்புவெளியில் எங்கள் வீட்டில் இரண்டு வழியையும் செய்து பார்த்தேன். மகளை ஞாயிறுதோறும் இருத்திப் பாடமாகச் சொன்னேன். மகன் வளரும்போது அதை விட்டு, அன்றன்றைக்கு நடப்பதை வைத்துப் பேசினேன். கேட்டால் இரண்டாவது வழியைத்தான் சொல்வேன்.

பாடத்தில் நன்மை இல்லாமல் இல்லை. 1931இல் இலங்கையில் ஆண் பெண் எல்லோருக்கும் வாக்குரிமை வந்தது, சாதி சொல்லி ஆளை ஒதுக்குவதைத் தடுக்கும் 1957ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம், 1968இல் யாழ்ப்பாணத்து மாவிட்டபுரத்தில் நடந்த கோயில் நுழைவுப் போராட்டம் எல்லாம் அடுப்படியில் தானாக வராது. மகள் தடங்கலில்லாமல் சொல்வாள்.

ஆனால் ஒருநாள் கிணறு இறைக்க ஒருவர் வந்தார். வேலை முடிய அம்மா தேத்தண்ணி கொடுத்தார், எங்கள் கிளாஸில் அல்ல. பின் குந்தில் கவிழ்த்து வைத்திருக்கும், விளிம்பு உடைந்த எனாமல் பேணியில். மகள் பக்கத்தில்தான் நின்றாள், ஒன்றும் கேட்கவில்லை. மகன்தான், "அம்மம்மா, மாமாவுக்கு ஏன் வெளிப்பேணி?" என்றான். "அது அப்படித்தான் மகன், போய் விளையாடு" என்றார் அம்மா. எனக்கு முகம் சுருங்கிவிட்டது. அந்தப் பேணி இத்தனை வருடமும் என் கண்ணிலும் படவில்லையே.

இரவு அம்மாவோடு கதைத்தேன். இரண்டு நாள் என்னோடு முகம் கொடுக்கவில்லை. கிணறு இறைத்தவர் அடுத்தமுறை வந்தபோது விறாந்தையில் கதிரை போட்டு, எங்கள் கிளாஸிலேயே கொடுத்தேன். பிறகு மகள் அந்தப் பேணியை எடுத்துப் போய்க் கறிவேப்பிலைக் கன்று நட்டாள்.

எது நீடிக்கும் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ஞாயிறு வகுப்பு நாலு கிழமை ஓடும். அப்புறம் கலியாண வீடு, காய்ச்சல், டியூஷன் என்று நின்றுபோகும். அடுப்படிப் பேச்சுக்கு நேரம் ஒதுக்கத் தேவையில்லை. ஆனால் சொன்னபடி நாங்கள் தினமும் நடக்கவேண்டும், அதுதான் பாரம். தம்பி சாப்பிட்ட கோப்பையை அக்கா கழுவிக்கொண்டிருந்தால், ஆணும் பெண்ணும் சமம் என்று எத்தனை ஞாயிறு சொன்னாலும் நிற்காது. என் கணவர் மீன் வெட்டிக் கழுவத் தொடங்கிய பிறகுதான் மகன் கேட்காமலே முற்றம் கூட்டினான்.

இனம், மதம் பற்றி அதிகம் சொல்ல இல்லை. நோன்புக் கஞ்சி பக்கத்து வீட்டிலிருந்து வரும், வெசாக்குக்கு, இலவசமாகச் சாப்பாடு கொடுக்கும் தன்சல் வரிசையில் நிற்போம். ஒருவர் செய்த பிழைக்கு முழுச் சனத்தையும் ஏசும் பேச்சை வீட்டில் நிறுத்தினால் பாதி வேலை முடிந்தது.

பதின்ம வயதுப் பிள்ளை தன்னை ஆணாகவா பெண்ணாகவா உணர்கிறது என்று குழம்பி நின்றால் எந்த வழி நல்லது என்று சொல்ல எனக்கு அனுபவம் போதாது. பெரியவர்களை எதிர்த்துப் பேச முடியாத கூட்டுக் குடும்பத்தில் ஞாயிறு வகுப்பே கைகொடுக்கலாம்.

போன கிழமை ஒரு கலியாணப் பேச்சில் "அவை என்ன ஆக்கள்?" என்று ஒரு பெரியம்மா சாதியை விசாரித்தார். வீட்டுக்கு வந்ததும் மகள் என் பின்னாலேயே அடுப்படிக்கு வந்து, "அம்மா, என்ன ஆக்கள் எண்டால் என்ன?" என்றாள். உலையை இறக்கி வைத்துவிட்டு, 1957ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்தே திரும்பவும் தொடங்கினேன்.