பரிந்துரைக் காணொளிகளா, ஆர்.எஸ்.எஸ். செயலியா?

மதுரை புது நத்தம் சாலையிலுள்ள கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் மாணவர்கள் சிலருக்கு, யூடியூப், இன்ஸ்டாகிராம் பரிந்துரைப்பவற்றையே பார்ப்பதா, தாம் தேர்ந்த இணையதளங்களின் புதிய பதிவுகளை ஓரிடத்தில் திரட்டித் தரும் ஆர்.எஸ்.எஸ். (RSS) செயலிக்கு மாறுவதா என்ற குழப்பம் இருக்கிறது.

செலவு: இரண்டையும் பணமின்றிப் பயன்படுத்தலாம்.

எளிமை: பரிந்துரைகள் தாமாகவே வரும், ஆர்.எஸ்.எஸ். செயலியில் தளங்களை நாமே சேர்க்க வேண்டும்.

நேரம்: எதில் விரல் நின்றது, எதை முழுவதும் பார்த்தோம் என்று கணக்கிட்டு அடுத்ததை அடுக்கிக்கொண்டே போவதால், பரிந்துரைகளுக்கு முடிவில்லை. 1999இல் உருவான ஆர்.எஸ்.எஸ். முறையோ, நாம் தேர்ந்த தளங்களின் புதிய பதிவுகளை மட்டும் தந்து, அவை தீர்ந்ததும் நின்றுவிடுகிறது. படிக்கும் பிள்ளைகளுக்கு இதுவே மிகப் பெரிய நன்மை என்று உறுதியாகக் கருதுகிறேன்.

நிலைப்பு: கூகுள் ரீடர் என்ற ஆர்.எஸ்.எஸ். சேவை 2013இல் மூடப்பட்டபோதும் பயனர்கள் தம் தளப் பட்டியலை வேறு செயலிக்குக் கொண்டுசெல்ல முடிந்தது, பரிந்துரை வரிசையை அவ்வாறு மாற்ற இயலாது.

சித்திரைத் திருவிழாக் காட்சிகளைத் தேடாமலே காண விரும்புவோருக்குப் பரிந்துரை போதும். குறித்த சில தளங்களைத் தவறாமல் படிக்க வேண்டியவர்களுக்கு ஆர்.எஸ்.எஸ். பொருந்தும். யூடியூபை விட முடியாதவர்கள், பார்வை வரலாற்றை அழித்து அணைத்துவைத்தால் முகப்புப் பரிந்துரைகள் பெரும்பாலும் மறைந்துவிடும்.