கேபிள்காரர் ஃபைபரா, மாடியில் ஏர்ஃபைபரா? கீழக்கரையில் நெட் மாற்றிய அனுபவம்

பழைய பிராட்பேண்ட் இணைப்பைத் துண்டித்துவிட்டு, எங்கள் பகுதி கேபிள்காரர் மூலம், கண்ணாடி இழைக் கம்பியில் வரும் பிஎஸ்என்எல் ஃபைபருக்கு மாறிவிட்டேன். மாறுவதற்கு முன், தெருக் கம்பி இல்லாமல் செல்போன் டவரிலிருந்து மாடிப் பெட்டிக்கு வரும் ஏர்ஃபைபரையும் நன்றாகவே விசாரித்தேன். பெரியபட்டினம், ஏர்வாடி, உச்சிப்புளி பக்கமிருந்தெல்லாம் "எது போடலாம் காக்கா?" (எங்கள் பக்கம் அண்ணனை இப்படித்தான் கூப்பிடுவார்கள்) என்று போன் வந்துகொண்டே இருக்கிறது. ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொல்வதைவிட எழுதிவிடலாம் என்று தோன்றியது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் ஃபைபர் பக்கம்தான். ஆனால் ஏர்ஃபைபரே போதும் என்கிற வீடுகள் இந்தக் கரையில் நிறைய இருக்கின்றன. அதையும் சொல்கிறேன்.

முதலில் என் தேவை. கல்யாண வீடியோ எடுக்கும் ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். கீழே கடை, மேலே வீடு, இரண்டுக்கும் ஒரே இணைப்பு. எடுத்த ஃபுட்டேஜை மதுரையில் இருக்கும் எடிட்டருக்கு நெட்டில்தான் அனுப்புகிறேன். ஆகவே டவுன்லோடைவிட அப்லோடுதான் எனக்கு உயிர்நாடி.

பழைய கம்பெனி ஒரு தனியார் நிறுவனம். பெயர் வேண்டாம். 100 எம்பிபிஎஸ் (நொடிக்கு 100 மெகாபிட்) வேகம், அன்லிமிடெட் என்று நோட்டீஸில் கொட்டை எழுத்தில் போட்டுத்தான் சேர்த்தார்கள். பில் தேதியிலிருந்து இரண்டு மூன்று வாரம் பறக்கும். அப்புறம் ஒருநாள் திடீரென்று தவழ ஆரம்பிக்கும். வாட்ஸ்அப் மெசேஜ் போகும், யூடியூப் சுற்றிக்கொண்டே நிற்கும். கஸ்டமர் கேரில் ஒரே பதில், "ரவுட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க சார்." ஆள் அனுப்பினார்கள். அவர் லேப்டாப்பைச் சொருகிப் பார்த்துவிட்டு "லைன் நல்லா இருக்கு, உங்க வைஃபைதான் வீக்" என்றார். வேறு ரவுட்டர் வாங்கி மாட்டியும் நிலைமை அதேதான். அடுத்த பில் தேதி வந்ததும் யாரும் எதையும் தொடாமலே வேகம் திரும்பிவிடும்.

இதுதான் துப்பு. லைனில் கோளாறு என்றால் அது பில் தேதி பார்த்துச் சரியாகாது. கம்பெனியின் ஆப்பில் திட்ட விவரம், அதற்குள் நிபந்தனைகள், அதற்கும் கீழே ஒரு வரி: மாதம் 500 ஜிபி வரைதான் முழு வேகம், அதற்குப் பிறகு 2 எம்பிபிஎஸ். அப்லோடும் டவுன்லோடும் சேர்த்துத்தான் அந்த 500. நோட்டீஸில் இது இல்லை. சேர்த்துவிட்ட ஏஜென்ட் சொல்லவில்லை. கஸ்டமர் கேரில் பேசிய ஒருவர்கூட வாயைத் திறக்கவில்லை. வரம்பு வைப்பது அவர்கள் உரிமை, அதில் எனக்குச் சண்டை இல்லை. வரம்பு எட்டிவிட்டது என்று தெரிந்துகொண்டே ரவுட்டரை மாற்றச் சொன்னார்களே, அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. எவ்வளவு ஜிபி வரை முழு வேகம், அதுவரை என்ன வேகம், தாண்டினால் என்ன வேகம் என்ற மூன்றையும் வாடிக்கையாளருக்குத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2016லேயே உத்தரவு போட்டிருக்கிறது. கேட்டால் தருவதற்கு இது சலுகை இல்லை.

சரி, ஒப்பீட்டுக்கு வருவோம்.

மாத வாடகையில் பெரிய வித்தியாசம் இல்லை. இரண்டிலும் ஆரம்பத் திட்டங்கள் ஐந்நூறு அறுநூறு ரூபாயை ஒட்டித்தான். 18 சதவீத ஜிஎஸ்டி தனி. வேகத்தையும் ரொம்பப் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம். டிவியில் முழு எச்டி படம் ஓட 5 எம்பிபிஎஸ் போதும். 30, 60 என்று எதை வாங்கினாலும் சாதாரண வீட்டுக்குத் தாராளம். விளம்பரத்தில் வேகத்தை முன்னால் நிறுத்துகிறார்கள் என்பதற்காக நாமும் அதையே பார்க்க வேண்டியதில்லை.

பார்க்க வேண்டியது வரம்பைத்தான். ஜியோ, ஏர்டெல் இரண்டிலும் ஏர்ஃபைபருக்கு நான் விசாரித்தபோது மாதம் 1000 ஜிபி. பிஎஸ்என்எல் ஃபைபரில் நான் எடுத்த திட்டத்துக்கு 3300 ஜிபி. ஜியோ, ஏர்டெல் ஃபைபர் கம்பி வந்திருக்கும் ஊர்களில் அவற்றுக்கும் இதே அளவுதான். திட்டங்கள் அடிக்கடி மாறுகின்றன, அதனால் சேரும் அன்றைக்கு என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

1000 ஜிபி என்று கேட்டால் மலைப்பாக இருக்கும், யார் அவ்வளவு தீர்க்கப்போகிறார்கள் என்று. பெரும்பாலான வீடுகளில் தீராது என்பது உண்மைதான். எச்டி படம் மணிக்கு சுமார் 3 ஜிபி எடுக்கும். தினம் நாலு மணி நேரம் டிவி ஓடினாலும் மாதம் 360 ஜிபி. பிள்ளைகளின் போன், வீடியோ கால் எல்லாம் சேர்த்தாலும் 600க்குள் நின்றுவிடும்.

ஆனால் எங்கள் ஊரில் ஒரு சங்கதி இருக்கிறது. கீழக்கரையில் பாதி வீட்டு ஆம்பளைகள் வளைகுடாவில். வாசலுக்கு ஒன்று, மாடிப்படிக்கு ஒன்று என்று கேமரா இல்லாத வீடு குறைவு. துபாயில் இருக்கும் என் மச்சான் வாங்கி எங்கள் வீட்டில் மாட்டிய இரண்டு கேமராவும் கிளவுடில், அதாவது நெட் வழியாக வெளியே இருக்கும் சர்வரில், பதிவாகிறவை. யாராவது பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் ராவும் பகலும் வீட்டிலிருந்து படம் வெளியே போய்க்கொண்டே இருக்கும். ஒரு கேமராவுக்கு 1 எம்பிபிஎஸ் என்று குறைவாகவே வைத்துக்கொள்வோம். இரண்டுக்கும் சேர்த்து ஒரு நாளைக்கு 21.6 ஜிபி. முப்பது நாளைக்கு 648 ஜிபி! பழைய கம்பெனியின் 500 ஜிபியை என் வீட்டு வாசற்படியே தனியாகத் தின்று தீர்த்திருக்கிறது. நான் ஒரு ஃபைல்கூட அனுப்பாவிட்டாலும் அந்த மாதம் நெட் படுத்திருக்கும்.

மிச்சத்தைப் பாருங்கள். நான் எடுக்கும் 4கே ஃபுட்டேஜ் 100 எம்பிபிஎஸ் பதிவு, அதாவது ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி. ஏர்ஃபைபரின் 1000ல் கேமரா 650 போனால் மிச்சம் 350. எட்டு மணி நேர ஃபுட்டேஜ்கூட அனுப்ப முடியாது. வலீமா விருந்து, மறுவீடு என்று இரண்டு நாள் நடக்கும் ஒரு கல்யாணத்துக்கே அது காணாது. ஃபைபரின் 3300ல் கேமரா போக 2650 ஜிபி. ஐம்பத்தெட்டு மணி நேர ஃபுட்டேஜ். முகூர்த்தம் நெருக்கிப்பிடித்த மாதத்திலும் நான் அதைத் தொட்டதில்லை.

வரம்பு தாண்டினால் என்ன ஆகும் என்பதையும் கணக்குப் போட்டுப் பார்த்துவிடுங்கள். 2 எம்பிபிஎஸ் என்பது அரசாங்கக் கணக்கில் இப்போதும் பிராட்பேண்ட்தான். 2023 ஜனவரியில்தான் குறைந்தபட்ச வேகத்தை 512 கேபிபிஎஸ்ஸிலிருந்து 2 எம்பிபிஎஸ்ஸுக்கு உயர்த்தினார்கள். பத்திரிகை படிக்க, பணம் அனுப்ப அது போதும். அந்த வேகத்தில் ஒரு மணி நேர ஃபுட்டேஜை, 45 ஜிபியை, அனுப்ப ஐம்பது மணி நேரம் ஆகும். இரண்டு பகல், இரண்டு ராத்திரி, அதுவும் வீட்டில் வேறு யாரும் போனைத் தொடாமல் இருந்தால். அதே ஃபைல் 50 எம்பிபிஎஸ் அப்லோடில் இரண்டு மணி நேரம். பழைய இணைப்பில் மாதக் கடைசியில் ஹார்ட்டிஸ்க்கைத் துணியில் சுற்றி மதுரை பஸ்ஸில் தெரிந்த கண்டக்டரிடம் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். அது நெட்டைவிடச் சீக்கிரம் போய்ச் சேர்ந்தது.

அப்லோடில் இன்னொரு விஷயமும் உண்டு. ஏர்ஃபைபர் 5ஜி டவரிலிருந்து வருவது. 5ஜியில் பெரும் பங்கு நேரத்தை டவுன்லோடுக்குத்தான் ஒதுக்குகிறார்கள், அதனால் அப்லோடு எப்போதும் கையிறுக்கமாகத்தான் வரும். ஃபைபரில் என் இணைப்புக்கு இரண்டும் ஏறக்குறைய சமமாக வருகிறது.

அடுத்தது பராமரிப்பு. இதில் ஏர்ஃபைபருக்கு ஒரு நியாயம் இருக்கிறது. மாடியில் ஒரு பெட்டி, அதிலிருந்து ஒரு ஒயர், அவ்வளவுதான். தெருவில் அறுந்துபோக எதுவும் இல்லை. ஃபைபர் அப்படி இல்லை. கம்பத்துக்குக் கம்பம் தொங்கிக்கொண்டு வருகிறது. உயரமாக லோடு ஏற்றிய லாரி ஒன்று போனால் போதும், ரவுட்டரில் சிவப்பு லைட் எரிந்துவிடும். ஒருமுறை அப்படி அறுந்தபோது கேபிள்காரர் ஒட்டுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். மேல்தோலை உரித்து, முடி போன்ற அந்தக் கண்ணாடி இழையை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து, ஒரே வெட்டாக நறுக்கி, இரண்டு முனையையும் மெஷினுக்குள் வைத்தார். சின்னத் திரையில் இரண்டு முனையும் நேருக்கு நேர் வந்து நின்றன, ஒரு பொறி, அவ்வளவுதான், ஒட்டிக்கொண்டது. முன்பே இழையில் கோத்து வைத்திருந்த ஸ்லீவை ஒட்டிய இடத்துக்கு நகர்த்திச் சூடு காட்டி மூடினார். ஒட்டும் வேலை பத்து நிமிஷம்கூட இல்லை. ஆனால் அந்த மெஷின் அவரிடம் சொந்தமாக இல்லை. ராமநாதபுரத்திலிருந்து வர வேண்டும். அதற்குத்தான் சாயங்காலம் வரை காத்திருந்தேன்.

ஆகவே இங்கே ஃபைபர் என்றால் நீங்கள் தேர்ந்தெடுப்பது பிஎஸ்என்எல்லை மட்டும் இல்லை, அந்தக் கேபிள்காரரையும்தான். கடைசித் தூரத்து லைனைப் பார்த்துக்கொள்பவர் அவர். எங்கள் ஆள் போனை எடுப்பார், "அண்ணே, மெஷின் வந்துட்டு இருக்கு" என்றாவது சொல்வார். பக்கத்துத் தெருவில் வேறொருவர் எடுப்பதே இல்லை என்று புலம்பல். சேருவதற்கு முன் அவரிடம் ஏற்கெனவே இணைப்பு வைத்திருக்கும் நாலு வீட்டில் கேளுங்கள். கரண்ட் போனால், நம் லைனுக்கான கருவி இருக்கும் அவருடைய ரூமில் இன்வெர்ட்டர் எத்தனை மணி நேரம் தாங்கும் என்றும் கேளுங்கள். நம் வீட்டு ரவுட்டருக்கு மட்டும் சின்ன யுபிஎஸ் வாங்கி மாட்டினால் பாதி வேலைதான் முடிந்தது.

உப்புக்காற்றைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். பழைய தாமிர டெலிபோன் லைனில் அது பெரிய தலைவலி. ஜாயின்ட்டில் களிம்பு ஏறி, மழை பெய்தாலே கரகரப்பு. கண்ணாடி இழைக்குத் துரு பிடிக்காது. கம்பத்து கிளாம்ப்பும் பெட்டியின் திருகும்தான் துருவேறும். ஏர்ஃபைபரிலும் மாடியில் பெட்டியைத் தாங்கும் இரும்புக்கு அதே கதிதான். இதில் யார் அதிக நாள் தாங்குவார்கள் என்று அடித்துச் சொல்லும் அளவுக்கு எனக்கு அனுபவம் இல்லை. ஃபைபர் வந்த பிறகு ஒரே ஒரு ஐப்பசி கார்த்திகை மழையைத்தான் பார்த்திருக்கிறேன்.

ஏர்ஃபைபரை நான் என் வீட்டில் வைத்துப் பழகியதும் இல்லை. தங்கச்சிமடத்தில் உறவுக்காரர் வீட்டில் இருக்கிறது. போனபோதெல்லாம் நன்றாகத்தான் ஓடியது, அவர்களுக்குக் குறையும் இல்லை. கிளவுட் கேமரா இல்லாத வீடு, படம் பார்ப்பதும் பேசுவதும்தான் வேலை. தோப்புக்குள் தனி வீடு, ஃபைபர் இன்னும் வராத கடலோரக் குப்பம், வருஷத்துக்கு ஒரு முறை மாறும் வாடகை வீடு என்றால் நானே ஏர்ஃபைபரைத்தான் சொல்வேன். பெட்டியை மாட்டும் முன் உங்கள் மாடியிலேயே 5ஜி போனில் சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் சோதித்துப் பாருங்கள். காலையில் வரும் வேகத்தை நம்பி முடிவெடுக்க வேண்டாம். ஏர்வாடி சந்தனக்கூடு மாதிரி ஊரே கூடும் நாட்களில் டவர் எப்படித் தாங்குகிறது என்று அந்தப் பக்கத்துக்காரர்களைத்தான் கேட்க வேண்டும்.

எதில் சேர்ந்தாலும் இந்த மூன்று கேள்விக்கும் வாட்ஸ்அப்பிலோ எஸ்எம்எஸ்ஸிலோ எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள்: மாத வரம்பு எத்தனை ஜிபி, அதில் அப்லோடும் சேருமா, தாண்டினால் என்ன வேகம். வாயால் சொல்வது பிறகு நிற்காது. கிளவுட் கேமரா வைத்திருப்பவர்கள், ஆள் நடமாட்டம் இருந்தால் மட்டும் பதிவு செய்யும்படி மாற்றிவிட்டு, கேமராவுக்குள் மெமரி கார்டு போட்டுவிடுங்கள். என் வீட்டில் இப்போது அப்படித்தான்.

மாறும்போது புது லைன் ஓடி, ஒரு பில் முடியும் வரை பழையதை விடாமல் வைத்திருந்தேன். செல்போன் நம்பர் மாதிரி பிராட்பேண்டை அப்படியே போர்ட் செய்து கொண்டுபோக முடியாது, புதிதாகத்தான் போட வேண்டும். மோடத்தைத் திருப்பிக் கொடுத்தபோது அதன் சீரியல் நம்பரை எழுதிக் கையெழுத்து வாங்கினேன். டெபாசிட் சொன்ன தேதிக்கு வரவில்லை. கஸ்டமர் கேரில் புகார் கொடுத்து டாக்கெட் நம்பர் (புகாரின் பதிவு எண்) வாங்கி, அதிலும் பதில் இல்லாததால் அதே கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதியிருக்கிறேன். அதற்குக் கட்டணம் கிடையாது. ஆனால் டாக்கெட் நம்பர் இல்லாமல் எடுக்கமாட்டார்கள், அதனால் முதல் போனிலேயே கேட்டு எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.