சேலம் முதல் லெஸ்டர் வரை: இன்சுலினுடன் ஐந்து விமானப் பயணங்கள்

2011ஆம் ஆண்டிலிருந்து இரவு ஒன்பது மணிக்கு, நாள் முழுவதும் மெல்ல வேலை செய்யும் கிளார்ஜின் இன்சுலினும், ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டுக்கு முன்பு விரைவாக வேலை செய்யும் இன்சுலினும் போட்டுக்கொண்டு வருகிறேன். மகள் இங்கிலாந்தில் லெஸ்டர் நகரில் குடியிருப்பதால், 2014 முதல் 2023 வரை ஐந்து முறை நானும் என் கணவரும் அங்கே சென்று வந்திருக்கிறோம். செவ்வாய்ப்பேட்டை வீட்டு ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த மருந்து, இரவு ஏற்காடு எக்ஸ்பிரஸில் சென்னைக்குப் போய், அங்கிருந்து விமானம் ஏறி, வளைகுடா நாட்டில் விமானம் மாறி, மகள் வீட்டு ஃப்ரிட்ஜுக்குள் போய்ச் சேர ஏறக்குறைய 34 மணி நேரம் ஆகிறது. அந்த நேரம் முழுவதும் மருந்தை எப்படிக் காப்பாற்றுவது என்பதில் நான் பட்டுத் தெரிந்துகொண்டவற்றை, இன்சுலினுடன் முதல் முறை கிளம்புகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

பெட்டியோடு சேர்த்துச் சரக்கறைக்கு அனுப்பினால் இன்சுலின் உறைந்துபோக வாய்ப்புண்டு என்று எங்கள் மருத்துவர் முன்பே எச்சரித்திருந்ததால், முதல் பயணத்திலேயே அதைக் கைப்பையில்தான் வைத்திருந்தேன். ஆனால் விமானத்தில் பணிப்பெண் ஒருவர் அக்கறையுடன், "குளிர்ச்சியாக வைத்துத் தருகிறேன், கொடுங்கள் அம்மா" என்று கேட்டபோது மறுக்கத் தோன்றவில்லை. அவர் அதைப் பனிக்கட்டி நிறைந்த இழுப்பறையில் வைத்துவிட்டார். இறங்கும்போது கைக்கு வந்த இன்சுலின் பேனா (மருந்து அடைத்த, பேனா வடிவ ஊசிக்கருவி) கல்லைப் போலச் சில்லிட்டிருந்தது. உருகிய பிறகு மருந்து தண்ணீரைப் போலத் தெளிவாகவே இருந்ததால் நானும் அதையே போட்டுக்கொண்டேன். மூன்று நாட்கள் காலை வெறும் வயிற்றிலேயே சர்க்கரை 300ஐத் தாண்டியது. அங்கிருந்த செவிலியர் முதலில் கேட்ட கேள்வியே, மருந்து எங்கே வைக்கப்பட்டிருந்தது என்பதுதான். ஒருமுறை உறைந்த இன்சுலின், உருகியபின் பார்வைக்கு நன்றாக இருந்தாலும், வீரியத்தை நம்ப முடியாது. தூக்கி எறிய வேண்டியதுதான். என் கணவருடைய பையில் தனியாக வைத்திருந்த மருந்துதான் அன்று காப்பாற்றியது. அன்றிலிருந்து மருந்தை இரண்டு பைகளில் பாதிப் பாதியாகப் பிரித்தே எடுத்துச் செல்கிறோம். யார் கேட்டாலும் கையை விட்டுக் கொடுப்பதில்லை.

2016இல் ஃப்ரியோ என்ற குளிர்ப்பை வாங்கினேன். ஈரத்துணி சுற்றிய மண்பானையில் தண்ணீர் குளிர்வது எந்த முறையிலோ, அதே முறையில்தான் இதுவும் வேலை செய்கிறது. உள்ளே தைத்திருக்கும் சிறு மணிகள், சில நிமிடங்கள் தண்ணீரில் ஊறவைத்தவுடன் ஜவ்வரிசியைப் போல உப்பிக் கூழாகிவிடும். அந்த ஈரம் மெல்ல ஆவியாகும்போது உள்ளிருக்கும் மருந்து குளிர்ந்திருக்கும். ஐஸ் வேண்டாம், மின்சாரம் வேண்டாம், உறைந்துபோகும் பயமும் இல்லை. சேலத்து மே மாத வெயிலில், காற்று வறண்டிருக்கும்போது இது நன்றாகக் குளிர்கிறது. சென்னையின் புழுக்கத்தில் அந்த அளவுக்குக் குளிர்வதில்லை. காற்றுப் படாத பிளாஸ்டிக் உறையில் போட்டு மூடினால் பயனே இல்லை என்பதால் கைப்பையின் வெளிப்புற வலைப்பகுதியில் வைக்கிறேன். பயன்பாட்டில் இருக்கும் கிளார்ஜின் 30 டிகிரிக்குள் 28 நாட்கள் தாங்கும் என்பதால், பயணத்துக்கு இந்தக் குளிர்ச்சியே தாராளம். இதன் ஒரே குறை, ஊரில் இறங்கியபின் முழுதாக உலரப் பல நாட்கள் எடுப்பதுதான். சரியாக உலராமல் மடித்து வைத்த முதல் பை பூசணம் பிடித்து வீணானது. இப்போது இருப்பது இரண்டாவது.

எந்தப் பொருளையும் விமானத்தில் நம்புவதற்கு முன்பு ஏற்காட்டுக்கு எடுத்துப்போய்ச் சோதிப்பது எங்கள் வழக்கமாகிவிட்டது. விமானத்துக்குள் காற்றழுத்தம் ஏறக்குறைய 6,000 முதல் 8,000 அடி உயரத்தில் இருப்பதற்குச் சமம். ஏற்காடு 5,000 அடிக்குச் சற்றுக் குறைவு. இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து மேலே போகும்போது சிப்ஸ் பொட்டலம் உப்புவதை எல்லோரும் பார்த்திருப்போம். ஒருமுறை ஊசி முனையைக் கழற்றாமல் பேனாவைப் பையில் வைத்துவிட்டேன். மலையேறி உறையைத் திறந்தபோது முனையில் மருந்து துளிர்த்து நின்றது. இறங்கி வந்து பார்த்தால் மருந்துக் குழாய்க்குள் கடுகளவு காற்றுக்குமிழி. குமிழி இருந்தால் போடுகிற அளவு குறைந்துவிடும். ஆகவே விமானத்தில் மருந்து போடும் நேரத்தில் மட்டுமே ஊசி முனையைப் பொருத்துகிறேன். முதலில் இரண்டு யூனிட்டை வெளியே செலுத்தி, துளி வருகிறதா என்று பார்த்த பிறகே போட்டுக்கொள்கிறேன்.

பாதுகாப்புச் சோதனையில் இதுவரை யாரும் மருந்தைத் தடுக்கவில்லை. கைப்பையில் கொண்டுபோகும் திரவங்களுக்கான நூறு மில்லி விதி மருந்துக்குப் பொருந்தாது. ஆனால் அவர்கள் கேட்பதற்கு முன்பு நாமே சொல்லிவிட வேண்டும். "சுகருக்கு இன்சுலின் வைத்திருக்கிறேன், ஊசியும் இருக்கிறது" என்று மருத்துவர் கடிதத்தைத் தட்டின் மேலேயே வைத்துவிடுவேன். 2023இல் சர்க்கரையைத் தொடர்ந்து அளந்து காட்டும் சென்சார் கையில் ஒட்டியிருந்ததால், உடல் முழுவதையும் படமெடுக்கும் கருவிக்குள் போகாமல் கையால் சோதிக்கும்படி கேட்டுக்கொண்டேன். சற்றுத் தாமதமானதே தவிர, மறுக்கவில்லை. சென்சார் எனக்குப் பெரிய ஆறுதல், குறிப்பாக விமானத்தில் தூக்கத்துக்கு இடையில். ஆனாலும் சர்க்கரை வேகமாக இறங்கும்போது அது சில நிமிடங்கள் பின்தங்கியே காட்டும் என்பதால், உடல் வியர்த்தால் விரலில் குத்திப் பார்ப்பதையே நம்புகிறேன்.

சாப்பாட்டு விஷயத்தில் ஒரு பாடம் போதும். உணவு வண்டி முன்வரிசையில் வருவதைப் பார்த்து இன்சுலின் போட்டுக்கொண்டேன். விமானம் குலுங்கியதால் வண்டியைத் திருப்பிக் கொண்டுபோய்விட்டார்கள். முக்கால் மணி நேரம் குளுக்கோஸ் மாத்திரையையும் தட்டுவடையையும் வைத்துச் சமாளித்தேன். தட்டு நம் முன்னால் வந்து, மூடியைத் திறந்து, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்த பிறகே ஊசி.

இரவு மருந்தின் நேரத்துக்காக இடது கையில் இந்திய நேரக் கடிகாரம் ஒன்றைக் கழற்றாமல் வைத்திருக்கிறேன். கோடையில் நம் இரவு 9 மணி அங்கே மாலை 4.30. முதல் நாள் அந்த நேரத்திலேயே போட்டு, அடுத்தடுத்த நாட்களில் இரண்டிரண்டு மணி நேரமாகத் தள்ளி, 8.30க்குக் கொண்டுவரும்படி என் மருத்துவர் எழுதிக் கொடுத்தார். ஒவ்வொருவருக்கும் மருந்து வேறு என்பதால் இதை அவரவர் மருத்துவரிடம் கேட்டே செய்ய வேண்டும்.

சோதனையில் காட்டும் மருத்துவர் கடிதத்தின் அருமை 2020இல்தான் முழுதாக விளங்கியது. ஜனவரியில் மூன்று மாதத்துக்கென்று போனோம். மார்ச் மாதத்தில் இந்தியாவுக்கான விமானங்கள் நின்றுபோயின. ஜூலையில், வெளிநாட்டில் சிக்கியவர்களை அழைத்துவர அரசு ஏற்பாடு செய்த வந்தே பாரத் விமானத்தில் இடம் கிடைக்கும்வரை திரும்ப முடியவில்லை. ஒன்றரை மடங்காகக் கொண்டுபோயிருந்த மருந்தும் தீர்ந்தபோது, கடிதத்தில் நம் ஊர் வணிகப் பெயரோடு மருந்தின் மூலப்பெயரும், பேனாவிலுள்ள மருந்தின் செறிவும், யூனிட் அளவும் இருந்ததால், அங்குள்ள மருத்துவர் யோசிக்காமல் அதே மருந்தை எழுதித் தந்தார். நம் ஊரில் இரண்டு மூன்று மருந்துகளைச் சேர்த்து ஒரே மாத்திரையாக விற்கும் பெயர்கள் அங்கே யாருக்கும் தெரிவதில்லை. இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: கால் எரிச்சலுக்கு நம்மில் பலர் சாப்பிடும் பிரிகாபலின், 2019 ஏப்ரல் முதல் இங்கிலாந்தில் கட்டுப்படுத்தப்பட்ட மருந்து. எனக்கும் அது உண்டு என்பதால், மூன்று மாதத்துக்குக் குறைவான அளவையே மருந்துச் சீட்டோடு எடுத்துச் செல்கிறேன்.

அளவீடும் அங்கே வேறு. நம் மீட்டரில் 306 என்பது அவர்களுக்கு 17. நம் எண்ணை 18ஆல் வகுக்க வேண்டும். இதை ஒரு சீட்டில் எழுதி மீட்டர் உறையில் வைத்திருக்கிறேன்.

போன மாதம் பக்கத்து வீட்டு அக்கா, மருமகளின் பிரசவத்துக்காக அமெரிக்கா போவதாகச் சொல்லி யோசனை கேட்டார். அவர் பேனா பயன்படுத்துவதில்லை. குப்பி மருந்தும் சிரிஞ்சும்தான். நம் ஊர்க் குப்பிகளில் பெரும்பாலானவை ஒரு மில்லிக்கு 40 யூனிட், அங்கே 100 யூனிட். அங்கே வாங்கிய மருந்தை இங்கிருந்து கொண்டுபோன சிரிஞ்சில் 20 என்ற கோடு வரை இழுத்தால் உடலுக்குள் போவது 50 யூனிட், உயிருக்கே ஆபத்து. இதை ஒரு காலிக் குப்பியையும் இரண்டு சிரிஞ்சுகளையும் வைத்து அவருக்கும் அவருடைய மகனுக்கும் காட்டினேன். மூன்று மாதத்துக்கான குப்பிகளையும் அவற்றுக்குரிய சிரிஞ்சுகளையும் எண்ணி, இரண்டு கைப்பைகளில் பிரித்து வைத்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தேன்.