பழைய ஏழு இருக்கை வேனின் ஆட்டோ கியர்பாக்ஸ்: சூட்டில் வரும் கோளாறைச் சூட்டிலேயே சோதித்த அனுபவம்

2004ஆம் ஆண்டில் தயாரான ஏழு இருக்கை ஜப்பானிய வேன் ஒன்றைப் பினாங்கில் பல ஆண்டுகளாக ஓட்டி வருகிறேன். நான்கு வேக ஆட்டோ கியர்பாக்ஸ் கொண்டது. தீவில் ஆயர் ஈத்தாமில் வீடு, எதிர்க்கரையில் உள்ள பிறை என்ற ஊரில் வேலை என்பதால் அன்றாடம் பினாங்குப் பாலத்தைக் கடக்க வேண்டும். வார இறுதிகளில் குடும்பத்தோடு துன் சார்டோன் மலைச்சாலை வழியாகப் பாலிக் பூலாவ் செல்வதும் உண்டு. 1985இல் திறக்கப்பட்ட 13.5 கிலோமீட்டர் நீளமான அந்தப் பாலத்தில் மாலை நெரிசலில் ஊர்ந்து செல்வதும், முழுப் பாரத்தோடு மலையேறுவதும் ஆட்டோ கியர்பாக்ஸை மிகவும் சூடாக்கும் வேலைகள். இதே பாணியிலான பழைய வேன்களை இங்கே நம்மவர்கள் பலர் வைத்திருப்பதால், கியர்பாக்ஸைக் கழற்றுவதற்கு முன் எதை எதைப் பார்த்துவிட வேண்டும் என்பதை விரிவாகவே எழுதுகிறேன்.

தொல்லை தொடங்கியது நெரிசலில்தான். காலையில் ஒழுங்காக ஓடும் வண்டி, மாலையில் நெடுநேரம் ஊர்ந்த பிறகு நின்று கிளம்பும்போது இழுக்க முடியாமல் திணறும். உயர்ந்த கியரிலேயே கிளம்புவது காலடியில் தெளிவாகத் தெரியும். மீட்டர் பலகையில் 'ஓ/டி ஆஃப்' விளக்கு விட்டுவிட்டு எரியும். எஞ்சினை நிறுத்தி ஆறவிட்டால் எல்லாம் சரியாகிவிடும். இவ்வகை வண்டிகளில் அந்த விளக்கு நிலையாக எரிந்தால் ஓவர்டிரைவ் (ஓ/டி), அதாவது மிக உயர்ந்த கியருக்கான பொத்தான், அணைந்திருக்கிறது என்று பொருள். விட்டுவிட்டு எரிந்தால் கியர்பாக்ஸ் கணினி ஏதோ ஒரு கோளாற்றைப் பதிந்து வைத்திருக்கிறது என்று பொருள். இந்த வேறுபாட்டை அறியாமல் பொத்தானை அழுத்தி அழுத்திப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் நிறையப் பேர்.

முதலில் பார்த்த பட்டறையில் வண்டியை ஓட்டிக்கூடப் பார்க்காமல், கியர்பாக்ஸ் போய்விட்டது, ஹாஃப்கட் (வெட்டிப் பிரித்த பழைய வண்டியிலிருந்து எடுத்த) கியர்பாக்ஸ் மாற்றிவிடலாம் என்று சில ஆயிரம் வெள்ளி (ரிங்கிட்) கேட்டார்கள். ஹாஃப்கட் வழியாக வரும் கியர்பாக்ஸில் நல்லவையும் உண்டு. ஆனால் அது எத்தனை கிலோமீட்டர் ஓடியது, அதில் எண்ணெய் எப்போது மாற்றப்பட்டது என்பதை யாரும் சொல்ல முடியாது. நம்மிடம் உள்ளதில் என்ன கெட்டது என்று தெரியாமலே, வரலாறு தெரியாத இன்னொன்றை ஏற்றுவதில் எனக்கு உடன்பாடில்லை.

இங்கே ஒன்றைப் பிரித்தறிய வேண்டும். கியர் வழுக்குவது வேறு, கியர் மாறாமல் நிற்பது வேறு. உள்ளிருக்கும் கிளட்ச் தட்டுகள் தேய்ந்திருந்தால், ஆக்சிலேட்டரை மிதிக்கும்போது எஞ்சின் சுழற்சி எகிறும், வேகம் கூடாது. என் வண்டியில் அப்படி நேரவில்லை. சுழற்சியும் வேகமும் சேர்ந்தே ஏறின, கியர்தான் தவறானதாக இருந்தது. முன்னது பெரும்பாலும் தேய்மானத்தையோ எண்ணெய் அழுத்தக் குறைவையோ காட்டும்; பின்னது மின்பகுதியை முதலில் பார்க்கச் சொல்கிறது.

அடுத்தது எண்ணெய். என் வண்டியில், ஓடிச் சூடான பின், சமதளத்தில் எஞ்சின் இயங்கிக்கொண்டிருக்க, கியர் நெம்பை எல்லா நிலைகளுக்கும் ஒருமுறை கொண்டுபோய் மீண்டும் 'பி'யில் (பார்க்கிங் நிலையில்) வைத்துவிட்டுத்தான் அளவுகோலை உருவிப் பார்க்க வேண்டும். சில தயாரிப்புகளில் எஞ்சினை நிறுத்திப் பார்க்கச் சொல்வார்கள். ஆகவே வண்டியின் கையேட்டைப் பார்த்துக்கொள்வது அவசியம். ஒரு சொட்டை வெள்ளை டிஷ்யூ தாளில் விட்டேன். நடுவில் கறுப்புப் புள்ளி நிற்காமல், வெளிர் பழுப்பு கலந்த சிவப்பாகச் சீராகப் பரவியது. கருகிய வாடை இல்லை. கருகிய வாடையும் கறுப்பு நிறமும் இருந்தால் தட்டுகள் எரிந்திருக்க வாய்ப்பு அதிகம். எண்ணெய் பண்டோங் பானத்தைப் போலப் பால் கலந்த இளஞ்சிவப்பாக இருந்தால் இன்னும் மோசம்: ரேடியேட்டருக்குள் இருக்கும் எண்ணெய்க் குளிர்விப்பான் உடைந்து, நீர் உள்ளே கலந்துவிட்டது. அதற்குப் பிறகு வண்டியை ஓட்டக் கூடாது.

பிறகு ஜெலுத்தோங்கில் ஒரு சிறிய பட்டறைக்குச் சென்றேன். அங்கிருந்த இளைஞர் ஸ்கேனரை மாட்டியதும் பி0755 (P0755) என்ற குறியீடு வந்தது. 'பி' (B) சோலினாய்டின், அதாவது கியர் மாற எண்ணெய் வழியைத் திறந்து மூடும் மின் வால்வின், மின்சுற்றில் கோளாறு என்பது அதன் பொருள். குறியீடு கிடைத்தும் அவர் உடனே பொருளை மாற்றச் சொல்லவில்லை. "அண்ணே, சூடா இருக்கும்போதே கொண்டு வாங்க. ஆறினப்புறம் வந்தா ஒன்னும் தெரியாது" என்றார். இந்தப் பதிவில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவதும் அதுதான்.

மறுமுறை பாலத்து நெரிசலில் விளக்கு எரியத் தொடங்கியதும் நேரே பட்டறைக்கே ஓட்டிச் சென்றேன். கியர்பாக்ஸின் வெளிப்புறத்தில் உள்ள மின் இணைப்பைக் கழற்றி, மல்டிமீட்டரின் இரு முனைகளையும் வைத்தார். என் வண்டியின் சோலினாய்டுகளுக்கு 20 டிகிரி செல்சியஸில் 11 முதல் 15 ஓம் வரை மின்தடை இருக்க வேண்டும். சுருள் செம்புக் கம்பி என்பதால் எண்ணெய் 80 டிகிரியை எட்டும்போது அந்த அளவு ஏறத்தாழ கால் பங்கு கூடுவது இயல்பு. 'ஏ' சோலினாய்டு அப்படித்தான் சற்றுக் கூடுதலாகக் காட்டியது. 'பி'யில் எண்ணே வரவில்லை. சுற்று முற்றாக அறுந்திருந்தது. வண்டியை ஆறவிட்டு மீண்டும் வைத்தபோது அதே சோலினாய்டு 13 ஓம் என்று ஒழுங்காகக் காட்டியது. குளிர்ந்த வண்டியில் மட்டும் சோதித்திருந்தால் பொருள் நன்றாகவே இருக்கிறது என்று முடிவு கட்டியிருப்போம். பழி கணினி மீதோ கியர்பாக்ஸ் மீதோ விழுந்திருக்கும்.

கியர்பாக்ஸின் அடியில் உள்ள எண்ணெய்த் தட்டைக் கழற்றியபோது அதிலுள்ள காந்தங்களில் மெல்லிய சாம்பல் நிறக் குழைவு மட்டுமே படிந்திருந்தது. அது வழக்கமான தேய்மானம். மின்னும் உலோகச் சில்லுகள் இருந்தால்தான் கவலைப்பட வேண்டும். ஒரே வயதுடையவை என்பதால் இரண்டு சோலினாய்டுகளையும், கூடவே ஃபில்டரையும் கேஸ்கெட்டையும் மாற்றினோம். செலவு சில நூறு வெள்ளியோடு முடிந்தது.

ரிவர்ஸ் போடும்போது 'டொம்' என்று வந்த அடியும் கியர்பாக்ஸ் கணக்கிலேயே எழுதப்பட்டிருந்தது. பானெட்டைத் திறந்து வைத்து, பிரேக்கை அழுத்தமாக மிதித்தபடி 'டி'க்கும் 'ஆர்'க்கும் மாற்றியபோது எஞ்சின் இரண்டு விரற்கடை எழும்பி விழுந்தது. எஞ்சினைத் தாங்கும் மவுண்டிங் ரப்பர் கிழிந்திருந்தது. அதை மாற்றியதும் அடி நின்றது.

அதன்பின் ரேடியேட்டருக்கு முன்னால் தனியாக ஓர் எண்ணெய்க் குளிர்விப்பானைப் பொருத்தினேன். 40,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை, தயாரிப்பாளர் குறிப்பிட்ட வகை எண்ணெயையே ஊற்றுகிறேன். வடித்து ஊற்றும்போது எஞ்சினையும் கியர்பாக்ஸையும் எண்ணெய் வழியாக இணைக்கும் டார்க் கன்வெர்ட்டரில் இருப்பது வெளியே வராது. மொத்தத்தில் பாதிகூட மாறாது. ஆகவே சில வாரங்கள் ஓட்டிவிட்டு மறுபடியும் ஒருமுறை வடித்து ஊற்றுவதே என் வழக்கம். துன் சார்டோன் இறக்கத்தில் ஓவர்டிரைவை அணைத்துவிட்டு, எஞ்சின் பிடியில் இறங்குகிறேன்.

அந்த விளக்கு அதன்பின் விட்டுவிட்டு எரியவில்லை. வண்டி ஓடிச் சூடான பின் 'என்'னிலிருந்து 'டி'க்கு மாற்றினால் கியர் விழ எடுக்கும் நேரத்தை அவ்வப்போது பார்த்துக்கொள்கிறேன்; 1.2 விநாடிக்குள் விழுந்தால் சரி. அது நீண்டுகொண்டே போய், மலையில் சுழற்சியும் எகிறத் தொடங்கினால், அப்போது கியர்பாக்ஸைக் கழற்றச் சம்மதிப்பேன்.