எங்க பாட்டிய பேச வெச்ச டாக்குமெண்டரி கம்பெனி

மலேசியா, சுங்கை சிப்புட்டுல எங்க எஸ்டேட் தோட்டத்து மண்டபத்துல போன வாரம் படத்த போட்டாங்க, பாத்துட்டு வந்து ரெண்டு நாளா தூக்கமே இல்ல. எடுத்தது ரொம்ப சின்ன கம்பெனி, ஆரம்பிச்ச அண்ணனே டைரக்டரு, அவரே கேமரா, கூட சவுண்டுக்கு ஒரு தம்பி, அவ்ளோதான்.

சயாம் (இப்போ தாய்லாந்து) மரண ரயில் பத்தின படம். 1942-43ல ஜப்பான் ஆட்சியில சயாம்லேர்ந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் தண்டவாளம் போட நம்ம தோட்டத்து ஆளுங்கள ஆயிரக்கணக்குல கொண்டு போனாங்கல்ல, காலரா, மலேரியா, பசின்னு அங்கயே போய் சேந்தவங்க எத்தன பேரு. அங்க செத்த வெள்ளக்கார போர்க்கைதிங்களுக்கு தாய்லாந்து காஞ்சனாபுரில பேரு போட்ட கல்லறை வரிசையா இருக்கு. நம்மாளுங்களுக்கு அப்டி இல்ல.

அந்த அண்ணன் மொத ரெண்டு நாளு கேமராவ வெளியவே எடுக்கல, லயத்து (தோட்டத்து வரிசை வீடு) வாசல்ல எங்க பாட்டிகூட உக்காந்து கோப்பி குடிச்சிட்டு சும்மா கத கேட்டுட்டு இருந்தாரு, மூனாவது நாளுதான் "பாட்டி, ரெக்கார்டு பண்ணலாமா"ன்னு கேட்டாரு. 88 வயசு பாட்டி, அவங்க அப்பாவ பிரட்டுக்களத்துலேர்ந்து (காலையில வேலைக்கு ஆளுங்க கூடுற எடம்) அப்டியே லாரில ஏத்துனத எங்ககிட்டகூட சொன்னதில்ல, அவருகிட்ட சொன்னாங்க.

குறைன்னா, மலாய் சப்டைட்டில் எழுத்து ரொம்ப பொடிசு, பின்னாடி உக்காந்தவங்களுக்கு தெரியல. நடுவுல மியூசிக்கும் கொஞ்சம் ஜாஸ்தி, பாட்டி குரலே போதும்.

பேசுன ஒவ்வொரு வீட்டுக்கும் முழு ரெக்கார்டிங்க பென்டிரைவ்ல போட்டு குடுத்தாரு, ஒரு வெள்ளி வாங்கல. உங்க தோட்டத்துல 80 தாண்டுன பெரியவங்க இருந்தா இந்த மாசமே அந்த அண்ணன கூப்டுங்க.