‘மோட்டார் மாற்றினால் பவர் ஏறும்’ என்பவரிடம் ஜாக்கிரதை

சின்ன பிளாஸ்டிக் குண்டு சுடும் விளையாட்டுத் துப்பாக்கியான ஏர்சாஃப்ட் துப்பாக்கி வைத்திருப்பவர்களுக்கு இது. "ஹை ஸ்பீடு மோட்டார் போட்டால் பவர் ஏறும்" என்று யாராவது சொன்னால் துப்பாக்கியை அவர் கையில் கொடுக்காதீர்கள். அப்படிச் சொன்ன ஒரு மெக்கானிக்கிடம் என் எலக்ட்ரிக் ரைஃபிளைக் கொடுத்ததில் பணமும் போனது, பிஸ்டனும் போனது.

குண்டு இன்னும் கொஞ்சம் வேகமாகப் போக வேண்டும், அவ்வளவுதான் நான் கேட்டது. அதற்கு மாற்ற வேண்டியது ஸ்பிரிங். மோட்டார் கியர்களைச் சுற்ற, கியரின் பற்கள் பிஸ்டனைப் பின்னால் இழுத்து ஸ்பிரிங்கை அமுக்குகின்றன. கடைசிப் பல் தாண்டியதும் பிஸ்டன் விடுபடும். அதற்குப் பிறகு அந்தக் குண்டில் மோட்டாருக்கு வேலையே இல்லை. பிஸ்டனை முன்னால் தள்ளி, காற்றை அழுத்தி, குண்டை வெளியே அனுப்புவது ஸ்பிரிங்தான். மெதுவாக இழுத்தாலும் வேகமாக இழுத்தாலும் அது அமுங்கும் தூரம் ஒன்றே. வேக மோட்டாரால் கூடுவது நிமிடத்துக்கு எத்தனை குண்டு என்கிற கணக்கு மட்டும்.

ஆனால் அவர் குண்டின் வேகத்தை அளக்கும் குரோனோகிராஃபில் சுட்டுக் காட்டியபோது வினாடிக்கு 420 அடிக்கு மேல் வந்ததே? அங்கேதான் தில்லுமுல்லு. சுட்டது 0.12 கிராம் குண்டு. உள்ளே இருந்ததோ பழைய எம்100 ஸ்பிரிங். 0.20 கிராம் குண்டில் ஏறக்குறைய 328 அடி, அதாவது 1 ஜூல் ஆற்றல் கொடுக்கும் ஸ்பிரிங் அது. அதே 1 ஜூலை 0.12 கிராம் குண்டுக்குக் கொடுத்தால் வேகம் 420ஐத் தாண்டத்தான் செய்யும். ஆற்றல் ஒரு துளிகூடக் கூடவில்லை. விளையாட்டு மைதானத்தில் 0.20 கிராம் போட்டு அளந்ததும் குட்டு உடைந்தது: பழைய எண்ணேதான்.

சரி, பவர் கூடாவிட்டாலும் துப்பாக்கியாவது மிஞ்சியதா என்றால் அதுவும் இல்லை. மோட்டாரோடு, அதை இன்னும் வேகமாகச் சுற்றவைக்கும் 11.1 வோல்ட் லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரியையும் என் தலையில் கட்டியிருந்தார். கியர் அத்தனை வேகத்தில் சுற்றும்போது, லேசான ஸ்பிரிங் பிஸ்டனை முழுசாக முன்னால் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் அடுத்த சுற்றின் பல் அதைப் பிடித்துவிடுகிறது. ப்ரீ-எங்கேஜ்மென்ட் என்பார்கள். விசையை அழுத்திப் பிடித்தால் தொடர்ந்து சுடும் ஆட்டோ முறையில் சுட்டுக்கொண்டிருந்தபோது கரகரவென்று ஒரு சத்தம், அப்புறம் குண்டே வரவில்லை. திறந்து பார்த்தால் பிஸ்டனின் பற்கள் மழுங்கிக் கிடக்கின்றன.

கேட்டதற்கு, "ஆட்டோவில் ஏன் சுட்டீங்க?" என்கிறார். ஹை ஸ்பீடு மோட்டாரை வேறு எதற்குப் போடுவார்களாம்?

இன்னொன்று. இப்போது இன்னும் கடினமான எம்120 ஸ்பிரிங் போட்டுத் தருகிறேன், சரியாகிவிடும் என்கிறார். கடினமான ஸ்பிரிங்கை இழுக்க வேண்டியது டார்க், அதாவது சுழற்றும் விசை அதிகமுள்ள மோட்டார். வேகத்துக்கென்றே சுற்றிய மோட்டாரை அதில் மாட்டினால் திணறும், கரண்டை இழுக்கும், சூடாகும்.

அளந்து காட்டுபவரிடம் குண்டின் எடையைக் கேளுங்கள். முடிந்தால் உங்கள் 0.20 கிராம் குண்டை நீங்களே எடுத்துப் போய், வேலைக்கு முன்னும் பின்னும் அதிலேயே அளக்கச் சொல்லுங்கள். கழற்றிய பாகங்களைக் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள். என் பழைய மோட்டார் இன்னும் அவரிடம்தான் இருக்கிறது. கேட்டால் "தேடிப் பார்க்கணும்" என்கிறார்.