மாசாமாசம் கிரகணம் காட்டும் மேசை மாடல்: 119 வெள்ளிக்குத் தகுமா?

மகனுக்குப் பள்ளியில் கிரகணப் பாடம் வந்தது. புத்தகப் படத்தை வைத்து விளக்கிப் பார்த்தேன், எடுபடவில்லை. சரி என்று ஒன்லைனில் 119 வெள்ளி (மலேசிய ரிங்கிட்) கொடுத்து, கைப்பிடியால் சுற்றும் சூரியன்-பூமி-நிலா மாடல் ஒன்றை வாங்கினேன். பிராண்டை விடுங்கள், இதே சாமான் நாலைந்து பெயரில் விற்கிறது. எங்களுக்கு வந்ததில் நிலாவின் குச்சி விரிசல் விட்டிருந்தது. படம் எடுத்து அனுப்பினேன், ஒன்பது நாள் கழித்து வேறு குச்சி வந்தது.

நான் பினாங்கில் பாயான் லெப்பாசில் மெஷின் டெக்னிஷன். பெட்டியைத் திறந்த பத்தாவது நிமிடத்தில் அடிமூடியையும் திறந்துவிட்டேன். உள்ளே வெள்ளைப் பிளாஸ்டிக் கியர், ரப்பர் பெல்ட். கிரீஸ் ஒரு பொட்டுகூட இல்லை, அதனால்தான் அந்தக் கீச்சுச் சத்தம். சூரியனுக்குள் இருக்கும் சின்ன பல்பு ஹாலில் பகலில் எடுபடாது. ராத்திரி அடுப்படி விளக்கை அணைத்துவிட்டுச் சுற்றினால் நிழல் நன்றாக விழுகிறது.

பூமி 8 செ.மீ., நிலா 2 செ.மீ.க்குக் கொஞ்சம் மேல். இந்த விகிதம் சரி. தூரம்தான் சுத்தமாகச் சரியில்லை. இந்த அளவு பூமிக்கு நிலா 2.4 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும், மாடலில் 11 செ.மீ.தான். சூரியனைக் கேட்கவே வேண்டாம். கிட்டத்தட்ட 9 மீட்டர் உருண்டையை 940 மீட்டருக்கு அப்பால் வைக்க வேண்டும். மேசையில் நடக்காது, மன்னித்துவிடலாம்.

மன்னிக்க முடியாதது வேறு. கைப்பிடியைச் சுற்றச் சுற்ற ஒவ்வொரு அமாவாசைக்கும் சூரிய கிரகணம், ஒவ்வொரு பௌர்ணமிக்கும் சந்திர கிரகணம். மகன் எண்ணிக்கொண்டே வந்தான். “அப்பா, வருசத்துக்கு இருபத்துநாலு வருது. அப்ப தைப்பூசத்துக்கெல்லாம் நிலா இருட்டாதானே இருக்கணும்?”

கேள்வி சரியான கேள்வி. நிலாவின் பாதை பூமியின் பாதையோடு சுமார் 5 பாகை சாய்ந்திருக்கிறது. அதனால் பெரும்பாலான மாதங்களில் நிழல் மேலேயோ கீழேயோ தப்பிப் போய்விடும். மாடல் செய்தவர்கள் அந்தச் சாய்வை விட்டுவிட்டார்கள். பெட்டியின் மேல் மட்டும் ‘கிரகணங்களைப் புரிந்துகொள்ளுங்கள்’ என்று பெரிதாகப் போட்டிருக்கிறார்கள்.

நானே சரிசெய்தேன். நிலாக்குச்சி மேலும் கீழும் வழுக்கும்படி துளையைப் பெரிதாக்கி, அடியில் அட்டை வளையம் ஒன்று வைத்தேன். ஒரு பக்கம் 1 செ.மீ. உயரம், எதிர்ப்பக்கம் 1 செ.மீ. தாழ்வு. 11 செ.மீ. தூரத்துக்கு 5 பாகை என்றால் அவ்வளவுதான் வரும். முதலில் வளையத்தைப் பூமியைத் தாங்கும் பெரிய கையோடு பசை போட்டு ஒட்டிவிட்டேன். மடத்தனம். கை திரும்பும்போது சரிவும் கூடவே திரும்பியது, பழையபடி மாசாமாசம் கிரகணம். சரிவு வருடம் முழுக்க ஒரே திசையைப் பார்க்க வேண்டும். பசையைச் சுரண்டி எடுத்துவிட்டு, உயரமான பக்கம் எப்போதும் ஐஸ்பெட்டியைப் பார்க்கும்படி மாதத்துக்கு ஒருமுறை கையால் திருப்பினோம். அப்போதுதான் ஆறு மாத இடைவெளியில் வருடத்துக்கு இரண்டு பருவத்தில் மட்டும் அமாவாசை, பௌர்ணமி நிலா நேர்கோட்டுக்கு வந்தது. நிஜத்தில் அந்தச் சமயத்தில் மட்டும்தான் கிரகணம். மாடலில் நிலா ரொம்பக் கிட்டத்தில் இருப்பதால், 1 செ.மீ. ஏறி இறங்கினாலும் நிழல் முழுசாகத் தப்பாது.

இரண்டு பாதைகளும் வெட்டும் புள்ளிகள் இரண்டு. அவைதான் பஞ்சாங்கத்தில் ராகு, கேது. அம்மா நாற்காலியில் இருந்தபடி, “பாம்புன்னு நான் சொன்னா சிரிச்சீங்க” என்றார். அந்தப் புள்ளிகளும் சும்மா இருப்பதில்லை, 18.6 வருடத்தில் பின்னோக்கி ஒரு சுற்று வருகின்றன. பன்னிரண்டு ராசிக்கு வகுத்துப் பாருங்கள், ஒன்றரை வருடத்துக்கு ஒருமுறை வரும் ராகு-கேது பெயர்ச்சிக் கணக்கு கிடைக்கும்.

நிறத்தை எதிர்பார்க்காதீர்கள். 2025 செப்டம்பர் 8 விடியற்காலை ஒன்றரை மணியிலிருந்து 82 நிமிடம் நிலா முழுசாக நிழலுக்குள் இருந்தது. ஃப்ளாட் நடைபாதையில் நின்று பார்த்தோம், செங்கல் நிறம். பூமியின் காற்று மண்டலம் சிவப்பு ஒளியை வளைத்து உள்ளே அனுப்புவதால் வரும் நிறம் அது. மாடல் நிலா வெறுமனே இருண்டு போகிறது.

கடலுக்கென்று பூமியைச் சுற்றி நீல நிறத்தில் முட்டை வடிவ வளையம் ஒன்று கொடுத்திருக்கிறார்கள். இது நல்ல வேலை. நிலாப் பக்கம் ஒரு வீக்கம், எதிர்ப்பக்கம் ஒரு வீக்கம். எதிர்ப்பக்கம் ஏன் என்று மகன் கேட்டான். நிலா பக்கத்துத் தண்ணீரை அதிகமாக இழுக்கிறது, நடுவிலிருக்கும் பூமியைக் கொஞ்சம் குறைவாக, அந்தப் பக்கத்துத் தண்ணீரை இன்னும் குறைவாக. அதனால் அந்தத் தண்ணீர் பின்தங்கி நிற்கிறது. பூமி ஒரு சுற்றை முடிப்பதற்குள் நிலாவும் நகர்ந்துவிடுவதால், தூண்டில் போடும் எங்களுக்கு ஆயர் பாசாங் (கடல் ஏற்றம்) நேரம் தினமும் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகிறது. இது மாடலில் பளிச்சென்று தெரிகிறது.

குறை என்னவென்றால் வளையத்தில் சூரியனுக்குப் பங்கே இல்லை. தண்ணீரை ஏற்றி இறக்கும் விசையில், நிலாவுடையதில் பாதிக்குச் சற்றுக் குறைவு சூரியனுடையது. இரண்டும் ஒரே கோட்டில் சேரும் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டித் தண்ணீர் அதிகம் ஏறும், அதிகம் வற்றும். அரைநிலாவுக்கு மந்தம். இதைக் காட்ட மகனை, கடலுக்கு மேல் தூண்களில் வீடுகள் நிற்கும் சியூ ஜெட்டிக்குத்தான் கூட்டிப்போனேன். பௌர்ணமிக்கு மறுநாள், பலகைக்குக் கீழே சேறு தெரிந்த இடத்தில் ஆறு மணி நேரத்தில் படகு மிதந்தது. தூணில் சிப்பி ஒட்டிய கோடு வரை தண்ணீர். கிள்ளான் துறைமுகத்தில் இதைவிட அதிகம் ஏறும். நிலா ஒன்றுதான், கரையின் வடிவமும் ஆழமும் வேறு.

ஐந்துக்கு மூன்று நட்சத்திரம். ஸ்க்ரூ டிரைவர் பிடிக்கத் தெரிந்தவர் வீட்டில் இருந்தால் வாங்கலாம், பிள்ளை தனியாக விளையாட என்றால் வேண்டாம். கீச்சுச் சத்தத்துக்குத் தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு போதும். அப்புறம், கைப்பிடியை எதிர்த்திசையில் சுற்றாதீர்கள், பெல்ட் கழன்றுவிடும்.